யார் இந்த கத்பர்ட் வால்மாண்ட்?

வெள்ளிக்கிழமை காலை தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு பார்சலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது, கால்பந்து லீக் அலுவலகத்திலிருந்து என் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆன்ஸ் போவா அணியின் ஆட்டக்காரர் கத்பர்ட் வால்மாண்ட், சென்ற ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நடுவரை இழிவாகப் பேசியதற்காக, அடுத்த மூன்று ஆட்டங்களுக்குத் தடை செய்யப்படுகிறார். அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, நகல் எல்லாக் கிளப்புகளுக்கும்.

இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தேன். பதினோரு வருஷமாக இந்த கிளப்புக்கு நான் செயலாளர். எந்தப் பையனுக்கு எந்த முட்டியில் வலி, எவன் எவளோடு பேசாமல் இருக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் கத்பர்ட் வால்மாண்ட் என்று ஒருவனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சிரிக்காதீர்கள். எங்கள் தீவு அப்படி, ஆன்ஸ் போவா ஊரும் அப்படித்தான். ஞானஸ்நானத்தின்போது ஒரு பெயர் வைப்பார்கள். அதன் பிறகு அந்தப் பெயர் வெளியே வருவது, ஆள் செத்து ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கும்போதுதான். இடையில் இருக்கிற அறுபது எழுபது வருஷத்துக்கு வேறு பெயர். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் முத்திரை குத்துகிற வேலை, கிளப் முத்திரையும் என் கைப்பையில்தான் கிடக்கும், அதனால் நான் 'சீல்'. என் முழுப்பெயர் என் புருஷனுக்கே கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது.

வேறு வாரமாக இருந்தால் கடிதத்தை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் மறுநாள் சனிக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டம். ஹார்பர் ரோவர்ஸோடு டிரா செய்தாலும் போதும், நாங்கள் தீவின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் இருப்போம். தோற்றால் இரண்டாம் பிரிவு. தடை செய்யப்பட்ட ஒருவனைத் தெரியாமல் இறக்கினாலும் அதே கதிதான். எதிரணி ஒரு மனு கொடுத்தால் போதும், ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று அவர்களுக்குப் போய்விடும். ஆகவே இருபது பேரில் எவன் கத்பர்ட் என்று எனக்கு அன்று மாலைக்குள் தெரிந்தாக வேண்டும்.

'சிவப்பு அட்டை வாங்கியவன் எவன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாதா?' என்று கேட்பீர்கள். தெரியாதே, அதுதானே சங்கடம். போன ஞாயிறு கடைசிப் பத்து நிமிஷம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. எங்கள் முன்வரிசைக்காரன் பல்லியை எதிரணிக்காரன் காலைத் தட்டி விழவைத்தான். பெனால்டி கொடுக்காமல் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். இரண்டு அணியும் பெஞ்சில் இருந்தவர்களும் சேற்றில் ஒரே கும்பலாகப் போய் அவரை மொய்த்தார்கள். கும்பலின் நடுவிலிருந்து ஒரு கை மேலே வந்தது, அதில் சிவப்பு அட்டை. யாருக்கு என்று கடவுளுக்கே வெளிச்சம். பல்லிக்கு என்று பாதிப் பேர் சொன்னார்கள். எதிரணியின் தடியனுக்கு என்று மீதிப் பேர் சொன்னார்கள். எங்கள் கோச் கியர் அண்ணன் மட்டும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாரமாக முகத்தைத் தொங்கப்போட்டபடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தப்பு என்மேலும் இருக்கிறது, மறைப்பானேன். ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்கும் பெயர்ப்பட்டியலை நான் எழுதுவதில்லை. போகும்போது பஸ்ஸில் சுற்றுக்கு விடுவேன். அவனவன் தன் நம்பருக்கு நேரே தன் அரசாங்கப் பெயரை எழுதுவான், நான் வாங்கி முத்திரை குத்துவேன். படித்துப் பார்த்ததே இல்லை. போன வாரத்துப் பட்டியலின் நகல் என் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால், மழையில் ஊறி முழுக்க நீல நிறமாகக் கிடந்தது. நான் வைத்த முத்திரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எட்டாவது முறை ஒரு பெண் எடுத்தாள்.

"கத்பர்ட் வால்மாண்ட் எந்த நம்பர் சட்டை போட்டிருந்தான்னு பார்த்துச் சொல்லும்மா."

"உங்க ஆளுதானே மேடம்?"

"எங்க ஆளுதான்."

"உங்க ஆளு யாருன்னு என்னைக் கேக்குறீங்க?"

"ஆமா தாயே, உன்னைத்தான் கேக்குறேன்."

"ஃபைல் உள்ள இருக்கு. சாவி வச்சிருக்கிறவர் அவர் ஊருக்குப் போயிட்டார். திங்கக்கிழமை கூப்பிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை பயிற்சி நேரத்தில் எல்லாரையும் கோட்டில் வரிசையாக நிற்கவைத்தேன். ஊரில் பாதிப் பேர் வால்மாண்ட், அணியிலும் ஏழு பேர். அந்த ஏழு பேரை முன்னால் வரச் சொன்னேன்.

"பேரு?"

"பல்லி."

"அது எனக்குத் தெரியும்டா. உங்கம்மா ரிஜிஸ்டர்ல கொடுத்த பேரு?"

"ஜெரோம்னு நினைக்கிறேன் அக்கா. பாஸ்போர்ட் முடிஞ்சுபோச்சு, எடுத்துப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"பாஸ்போர்ட் முடிஞ்சா பேரும் முடிஞ்சுபோயிடுமா?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தடுத்து ஒரு அகஸ்டின், ஒரு லென்னாக்ஸ், இரண்டு மைக்கேல், ஒரு டெல்ராய். கடைசியில் கொக்கு நின்றான்.

கொக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வயது, ஆறடி நான்கு அங்குலம், மாற்று கோல் கீப்பர். எட்டு வருஷமாக மாற்று. லீக்கில் ஒரு நிமிஷம்கூட அவன் கம்பத்துக்கு நடுவே நின்றதில்லை. முதல் கீப்பர் பீப்பாய்க்குக் காய்ச்சலும் வராது, சுளுக்கும் வராது. அப்படிப்பட்ட பீப்பாய்க்குத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை உல்லாசக் கப்பலில் வேலை என்று போன் வந்தது. புதன்கிழமை காலை ஆள் கிளம்பிவிட்டான். ஆக, நாளைக்கு கொக்குதான் கீப்பர். செய்தி தெரிந்ததிலிருந்து விடிகாலையில் கடற்கரை மணலில் தனியாக விழுந்து எழுந்து பழகிக்கொண்டிருந்தான். கையுறைகளை இரண்டு முறை துவைத்துக் காயப்போட்டதாக அவன் அம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

"பேரு என்னப்பா கொக்கு?"

"ஜோசப், அக்கா," என்றான்.

ஏழு வால்மாண்ட்களில் ஒருவனும் கத்பர்ட் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன். அப்போது கியர் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏ சீல், பீப்பாயோட பேரு என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. பீப்பாய் வேறு ஊரிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன். அவனும் வால்மாண்டா, வேறு ஏதாவதா என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. போன் போட்டால் கடலில் எங்கேயோ அணைந்து கிடந்தது.

"அப்போ அவன்தான் கத்பர்ட்," என்றார் கியர் அண்ணன். "போயிட்டான்ல. தடையும் அவனோட போச்சு. ஏம்மா இதுக்குப் போய் இவ்வளவு குழப்பிக்கிறே?"

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பீப்பாய் வாயே திறக்காதவன். நடுவரைத் திட்டுவதற்கு முதலில் பேச வேண்டுமே என்று கேட்டேன். கொக்கு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "மழையில யார் என்ன சொன்னாங்கன்னு யாருக்குக்கா தெரியும்?" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

வீட்டுக்குப் போகும் வழியில் கொக்கின் அம்மா மா எலோயிஸைப் பார்க்கப் போனேன். புதன்கிழமை இரவு அவர் அக்கா 'சர்க்கரை' தொண்ணூற்றொரு வயதில் போய்விட்டார். துக்கம் கேட்க வேண்டும். மா எலோயிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரேடியோ நிலையத்துக்கு மரண அறிவிப்புக்கான பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு கோகோ டீ வந்தது. குடித்து முடித்தேன். அவர் அப்போதுதான் செயின்ட் குரோய் தீவில் இருக்கும் சித்தி பிள்ளைகளின் பெயர் வரை வந்திருந்தார். எந்தப் பிள்ளை எங்கே வேலை என்பதையும் விடாமல் சொன்னார். பொதுப்பணித் துறை ரெஜினால்ட், ஆஸ்பத்திரி நர்ஸ் வெரோனிக், போலீஸ் இலாகா ஆம்ப்ரோஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் வரவே இல்லை.

"நீ கிளம்புக்கா, இது முடிய ராத்திரி ஆயிடும்," என்று கொக்கு என் பையை எடுத்து என் கையில் கொடுத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு கியர் அண்ணனின் பஸ்ஸில் தலைநகர் ரோசோவுக்குக் கிளம்பினோம். பையன்கள் பொரித்த ரொட்டியும் உப்பு மீனும் தின்றுகொண்டு கூச்சல் போட்டார்கள். மலை ஏறி இறங்கும் வரை வழக்கம்போலப் பெயர்ப்பட்டியல் கைமாறிக்கொண்டிருந்தது. எல்லாரும் எழுதி முடித்து, கடைசி சீட்டிலிருந்த கொக்கின் மடிக்குப் போனது. அவன் பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தான். நான் பார்த்தேன். அவனுக்குப் பதற்றம் என்றுதான் நினைத்தேன்.

கியர் அண்ணன் ரேடியோவைக் கூட்டினார். மரண அறிவிப்பு நேரத்தில் எங்கள் ஊர்ப் பஸ்ஸில் யாரும் பேசக் கூடாது. கூச்சல் தானாக அடங்கியது.

"சர்க்கரை என்று எல்லோராலும் அறியப்பட்ட, ஆன்ஸ் போவாவைச் சேர்ந்த மேரி ஹிலாரியா வால்மாண்ட், தமது தொண்ணூற்றொன்றாவது வயதில் காலமானார்," என்று ஆரம்பித்தான் ரேடியோக்காரன். தங்கைகள் வந்தார்கள், போனார்கள். செயின்ட் குரோய்க்காரர்கள் வந்தார்கள். ரெஜினால்ட், வெரோனிக், ஆம்ப்ரோஸ் எல்லாரும் இலாகாவோடு வந்தார்கள். பல்லி தூங்கியே விட்டான்.

"தங்கை மகன், கொக்கு என்று எல்லோராலும் அறியப்படும் கத்பர்ட் ஜோசப் வால்மாண்ட், பிரீமியர் லீக் ஆன்ஸ் போவா அணியின் கோல் கீப்பர்."

பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கியர் அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். யாரோ பல்லியைத் தட்டி எழுப்பினார்கள். ரேடியோக்காரன் அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தக் கோயிலில் என்று வாசித்துக்கொண்டே போனான்.

நான் எழுந்து தடுமாறிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனேன். காகிதத்தில் ஒன்றாம் நம்பருக்கு நேரே காலியாக இருந்தது.

"ஜோசப்ன்னு சொன்னியேடா."

"ஜோசப்பும்தான் அக்கா."

"நீ நடுவரைத் திட்டினியா? நீயா? உனக்கு வசவு சொல்லவே வராதே."

முன்சீட்டிலிருந்து பல்லி திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்தது.

"நான்தான் திட்டினேன் அக்கா," என்றான் பல்லி. "அந்த ஆளோட அம்மாவ இழுத்துட்டேன். இவன் என்னைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்தான். கண்ணுல மழைத் தண்ணி, அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. சொன்னது எவன்டான்னு கேட்டார். இவன் நான்தான்னு சொல்லிப் பதிமூணாம் நம்பரைக் காட்டிட்டான். அட்டைய மட்டும் காட்டிட்டு விட்டுட்டார்னு நினைச்சேன். கத்பர்ட்டுன்னா இவன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கொக்கைக் கேட்டேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"அது ஞாயித்துக்கிழமை அக்கா, அப்போ பீப்பாய் இங்கதான் இருந்தான்," என்றான். "பல்லி இல்லாட்டி கோல் போட ஆள் இல்ல. நான் எப்பவும் பெஞ்சுதானே. பெஞ்சுல இருக்கிறவனுக்கு மூணு ஆட்டம் தடைன்னா என்ன, நாலுன்னா என்ன. பீப்பாய் போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யோசித்தால் தலை சுற்றியது. திட்டியவன் ஆடலாம், திட்டாதவன் ஆடக் கூடாது. நடந்ததைப் போய்ச் சொல்லலாம் என்றால், பல்லிக்கும் தடை, நடுவரை ஏமாற்றியதற்கு கொக்குக்கு இன்னும் கூடுதல் தடை, கிளப்புக்கு என்னவோ. சொல்லாமல் கொக்கை இறக்கலாம் என்றால், இந்தத் தீவில் மரண அறிவிப்பைக் கேட்காத ஒரே ஜென்மம் செத்தவர் மட்டும்தான். ஹார்பர் ரோவர்ஸ்காரர்கள் இந்நேரம் மனு எழுத ஆரம்பித்திருப்பார்கள்.

"ஜோசப் வால்மாண்ட்ன்னு எழுதட்டுமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான் கொக்கு. "ஒரு ஆட்டம்தான்."

என் வாயில் 'எழுது' என்ற சொல் வந்து நின்றது. ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், வந்தது. காகிதத்தையும் பேனாவையும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை. கையுறைகளை மடியிலிருந்து எடுத்து முன்சீட்டுக்கு நீட்டினான்.

"பல்லி, நீ நில்லு. நீதான் நல்லா எகிறுவே."

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கொக்குக்கு மைதானத்துக்குள் இடம் கிடையாது, அதனால் கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோல் போட வேண்டிய பல்லி கோலில் நின்றான், அவனுக்குப் பெரிய கையுறைகள். எங்கள் பையன்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். ஹார்பர் ரோவர்ஸ்காரர்களும் கொக்கை எதிர்பார்த்து உயரப் பந்து போடாமல் பழகி வந்திருந்தார்கள் போல, கடைசிவரை தரையிலேயே உருட்டினார்கள். "இடது பக்கம் வாடா, இடது பக்கம்," என்று கொக்கு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து நேராக வந்து பல்லியின் முகத்தில் பட்டு வெளியே போனது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பிரீமியர் லீக்கில் இருக்கிறோம். கொக்கு என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இறக்கிவிட்டபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

ஊர் திரும்பியதும் எல்லாரும் நேராக மா எலோயிஸ் வீட்டுக்குத்தான் போனோம். துக்க வீடு. வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள், உள்ளே பெரிய சட்டியில் வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. மா எலோயிஸுக்கு யாரும் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கொக்கு வாயைத் திறப்பதற்குள் ஆறரை மணி விளையாட்டுச் செய்தி வந்துவிட்டது. காலையில் மரண அறிவிப்பு வாசித்த அதே ஆள்தான் வாசித்தான்.

"அத்தையை இழந்த துக்கத்திலும் இன்று களமிறங்கிய ஆன்ஸ் போவா கோல் கீப்பர் கத்பர்ட் வால்மாண்ட், ஒரு கோலும் விடாமல் தமது அணியைக் காப்பாற்றினார்."

பெரியம்மா என்றுகூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை அந்த மடையனுக்கு. ஆட்டத்துக்கே வராமல், கேட்டதை வைத்துக் கோர்த்துவிட்டான். மா எலோயிஸ் கரண்டியை வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். துக்க வீட்டில் அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

"எல்லார் பேருக்குப் பின்னாலயும் ஒரு உத்தியோகம் இருக்கும்," என்றார் என்னிடம். "எத்தனை சாவுக்குப் பேரு கொடுத்திருக்கேன். இவன் பேருக்குப் பின்னால போட ஒண்ணுமே இருந்ததில்ல சீல். நேத்துதான் போட்டேன்."

தடை செய்யப்பட்டவன் ஆடினான் என்று ரேடியோவே சொல்லிவிட்டது. இதைத் திருத்தாவிட்டால் திங்கட்கிழமை காலை ஹார்பர் ரோவர்ஸ் மனுவோடு நிற்பார்கள். திருத்தினால் இந்தக் கிழவியின் முகம் என்னாவது. போனை எடுத்து ரேடியோ நிலையத்தின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. ஒருவன் ஹலோ என்றான். நான் மா எலோயிஸைத் திரும்பிப் பார்த்தேன்.

கொக்கு என் கையிலிருந்து போனை வாங்கினான்.

"வணக்கம். நான் கத்பர்ட் வால்மாண்ட் பேசுறேன்," என்றான். அவன் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "செய்தியில ஒரு தப்பு. இன்னைக்கு நான் ஆடல. எனக்குத் தடை. கீப்பரா நின்னது வேற ஆள்." போனைக் கையால் மூடினான். "பல்லி, உன் பேரு என்னடா?"

"ஜெரோம்," என்றான் பல்லி. அவன் மூக்கு வீங்கி, கண்ணில் தண்ணீர் நின்றது. "ஜெரோம்னுதான் நினைக்கிறேன்."

"ஜெரோம் வால்மாண்ட். ஆமா. நல்லா நின்னான். நன்றி."

ஏழு மணிக்கு முன்னாலேயே திருத்தம் வாசித்துவிட்டார்கள். கத்பர்ட் வால்மாண்ட் இன்று ஆடவில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். மா எலோயிஸ் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று கிளறிக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பாமல் கேட்டார்.

"நாளைக்குக் காலையில சர்க்கரையோட அறிவிப்பை மறுபடி வாசிப்பாங்க. அந்த வரியை எடுத்துடச் சொல்லணுமா?"

"எடுத்துடச் சொல்லும்மா," என்றான் கொக்கு.

மறுநாள் காலை அடக்கத்துக்குப் போவதற்கு நான் என் நீண்ட கறுப்பு உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோ வாசித்தது. தங்கைகள், செயின்ட் குரோய், ரெஜினால்ட், வெரோனிக், ஆம்ப்ரோஸ். அப்புறம், கொக்கு என்று எல்லோராலும் அறியப்படும் கத்பர்ட் ஜோசப் வால்மாண்ட், பிரீமியர் லீக் ஆன்ஸ் போவா அணியின் கோல் கீப்பர். மா எலோயிஸ் போன் பண்ணவே இல்லை.

தப்பென்றால் திருத்த வேண்டியது என் வேலை. போன் மேஜைமேல்தான் கிடந்தது. தப்பா சரியா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் உடுப்பைத் தேய்த்து முடித்து மாட்டிக்கொண்டு அடக்கத்துக்குப் போனேன்.